என் பை ரன்னர்

பாராட்டு விழாவில் அவன் பதினோரு பேருக்கு நன்றி சொன்னான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஓட்டப் பயிற்சி கொடுத்த மேடத்துக்குச் சொன்னான். ஸ்கோர் எழுதுகிறவருக்கு, பிட்ச் உருட்டுகிறவருக்கு, தண்ணீர் கேன் கொண்டுவருகிறவருக்குச் சொன்னான். எங்கள் டீமோடு வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருக்கும் எதிர் டீம் விக்கெட் கீப்பருக்குக்கூடச் சொன்னான். அந்தக் கீப்பர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். கேப்டனாகிய என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவன் தலையில் மைசூர் பேட்டா தலைப்பாகையை வைத்ததே நான்தான். பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவன் படத்துக்குக் கீழே, அதைவிடக் கொஞ்சமே சின்னதாக, நான் கைகூப்பி நிற்கும் படமும் இருந்தது. இத்தனையும் கண்ணெதிரே இருக்க ஒருவனுக்கு என் ஞாபகம் வராமல் போகுமா? வேண்டுமென்றேதான் விட்டான். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கேசரி சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டான்.

அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவன். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது சின்னவன். இன்றைக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலத்திலேயே முதல் ஆள். ஆனால் எங்கள் கிளப்புக்கு அவன் வந்தது ஓடுவதற்கு அல்ல, கிரிக்கெட் ஆடுவதற்கு. எங்களுடையது ஒன்றும் பெரிய கிளப் இல்லை. கூரியர் ஆபீஸில் பார்சல் பதிந்துகொள்ளும் நான் கேப்டன் என்றால் மற்றவர்களைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனாலும் லெதர் பால், வெள்ளை உடுப்பு, இரண்டு அம்பயர் என்று ஞாயிற்றுக்கிழமை லீக்கில் மரியாதையாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

வந்த முதல் வருஷம் அவனை மூன்றாவதாக இறக்கினேன். பேட்டைப் பிடித்து நிற்கும்போதே தெரிந்தது, சரக்குள்ள ஆள் என்று. பந்து வரும்வரை அசைய மாட்டான். வந்தபின் அவசரமே இல்லாமல் மட்டையைக் கொண்டுபோய் வைப்பான். கவர் பக்கம் அவன் அடித்த சில அடிகளை ஃபீல்டர்கள் துரத்தவே இல்லை, நின்று பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டையும் மறைப்பானேன்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் பவுண்டரி ஓரத்தில் ஒரு கேட்ச்சுக்காகப் பின்னால் போனவன் மழைநீர்க் கால்வாயில் காலை விட்டேன். வலது முட்டி திருகிக்கொண்டது. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மாதம் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நின்று அடிக்க முடிந்தது, ஓடத்தான் முடியவில்லை. அப்போதுதான் பை ரன்னர் வைத்துக்கொண்டு ஆடலாம் என்று ஸ்கோர் எழுதுகிறவர் சொன்னார்.

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அடிபட்ட பேட்ஸ்மேன் பந்தை அடிக்க மட்டும் செய்வான். அவனுக்குப் பதிலாக ரன் ஓட இன்னொருவன் சற்றுத் தள்ளி நிற்பான். அந்த இன்னொருவன்தான் பை ரன்னர். அவனும் காலில் பேடு கட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பேட்டும் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேட்டால் ஒரு பந்தைக்கூட அடிக்கக் கூடாது. அவன் ஓடி எடுக்கும் ரன்னெல்லாம் அடித்தவன் கணக்கில் சேரும். பெரிய ஆட்டங்களில் இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் இன்னும் உண்டு.

யார் ஓடுவது என்று கேட்டதும் அவன்தான் கையைத் தூக்கினான். "நான் ஓடறேண்ணா, நீ ஆடு."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் நான்காவதாக இறங்குகிறவன். அவனை மூன்றாவதாக இறக்கினால் லேசில் அவுட்டாக மாட்டான். நான் உள்ளே போகும்போது அவன் எதிர்முனையில் அவனுடைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பான், எனக்கு ஓட ஆள் இருக்காது. அதனால் அவனைப் பதினோராவதுக்குத் தள்ளினேன். ஏற்கெனவே ஆடி முடித்தவன்தான் பை ரன்னராக வர வேண்டும் என்று விதி சொல்லுமாம். எங்கள் அம்பயர்கள் அதையெல்லாம் நோண்ட மாட்டார்கள். பதினோராவது ஆளுக்குப் பத்து ஆட்டத்தில் ஒரு முறை பேட்டிங் வந்தால் அதிகம். கால் சரியாகும்வரைதானே என்று அவன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

கால் நான்காவது மாதமே சரியாகிவிட்டது.

இதை இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. காரணம் ரொம்ப சாதாரணமானது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் நான் எடுத்ததுபோல வாழ்க்கையில் ரன் எடுத்ததில்லை. நான் தட்டிவிட்டால் ஒரு ரன் வர வேண்டிய இடத்தில் அவன் இரண்டு ஓடினான். இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று. எனக்கு வேலை "ரெண்டு! ரெண்டு!" என்று கத்துவது மட்டும். மூச்சு வாங்காது, வியர்க்காது, அடுத்த பந்துக்கு ராஜா மாதிரி நிற்கலாம். அந்த வருஷம் லீக்கின் சிறந்த பேட்ஸ்மேன் கோப்பை எனக்குத்தான் வந்தது. அதை டிவி மேல் வைத்திருக்கிறேன். அதன்பிறகு எந்த முகத்தோடு போய், கால் குணமாகிவிட்டது, இனி நானே ஓடுகிறேன் என்று சொல்வது? எடை வேறு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த சீசனில் சொல்லலாம் என்று எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நான் பேட்டோடு இறங்கி இரண்டு மூன்று ஓவர் ஆனதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆட்டத்தின் நடுவே அடிபட்டால்தான் பை ரன்னர் கேட்க முடியும். எதிர் டீம்காரர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. நான் சொன்னேனே அந்த விக்கெட் கீப்பர், அவர் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று கன்னடத்தில் உரக்கச் சொல்வார்: "ஷுரு ஆய்த்து குரு! ஆம்புலன்ஸ் கரீரி!" ஆரம்பிச்சாச்சு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். ஒரு ஆட்டத்தில் அவர் என் முகத்துக்கு நேராகவே இது நடிப்பு என்று சொல்லிவிட்டார். அவன் பேட்டைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவர் சட்டையைப் பிடித்தான். லீக்கில் அவனை இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். எனக்காக அடிதடிக்கே போனான் என்று நான் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

நான் ஒன்று நினைத்திருந்தேன். அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எட்டு வருஷமாக என் காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் கேட்காமல் இருக்கிறான், நானும் சொல்லாமல் இருக்கிறேன், இது எங்களுக்குள் ஒரு புரிந்துணர்வு என்றே வைத்திருந்தேன். கீப்பரின் சட்டையைப் பிடித்ததைக்கூட அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் ரகசியத்தைக் காப்பாற்றுகிறான், கில்லாடி என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதே மைதானத்தின் மறுபக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். கன்னடக்காரர். ஒருநாள் எங்கள் ஆட்டம் முடிகிறவரை நின்று பார்த்தார். முடிந்ததும் நேராக அவனிடம் வந்தார்.

"பேடு பிச்சி, ஒந்து ரவுண்டு ஓடி, நோடோணா" என்றார். பேடைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓடுங்கள், பார்க்கலாம் என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். ஓடுடா என்றேன். அத்தனை வருஷமும் இரண்டு காலிலும் பேடும் கையில் பேட்டுமாக ஓடிப் பழகியவன். அதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஓடினான். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை ஐந்தரைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வாரநாட்களில் மேடம், ஞாயிற்றுக்கிழமை நான் என்று பாகம் பிரித்துக்கொண்டோம். முதலில் எனக்குக் கடுப்புதான். பிறகு அவன் பதக்கம் பதக்கமாகக் கொண்டுவரத் தொடங்கியதும் கடுப்பு போய்விட்டது. எங்கள் கிளப் ஆள் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? மாநிலப் போட்டி வந்தபோது அது எங்கள் அரையிறுதி நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தது. அரையிறுதியை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆமாம், நானே லீக் ஆபீஸுக்கு ஃபோன் செய்து, எங்களுக்கு ஆட்டம் வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் டீம் மொத்தமும் ஸ்டேடியத்துக்குப் போனது.

அவன் ஐந்தாவது லேனில் நின்றான். கடைசி வளைவு வரை மூன்றாவதாகத்தான் வந்தான். நான் ட்ராக்குக்கு வெளியே புல்தரையில் வளைவு முடியும் இடத்தில் நின்றிருந்தேன். அங்கே யாரும் நிற்கக் கூடாதாம், ஒரு வாலண்டியர் என்னை இழுத்துக்கொண்டிருந்தார். அவன் என்னைத் தாண்டிப் போனபோது எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. வாலண்டியரை உதறிவிட்டு அவன் கூடவே ஓட ஆரம்பித்தேன். "ரெண்டு! ரெண்டு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, முயலைத் துரத்தும் வேட்டை நாய்போல ஓடினேன். அவன் ஒருவனைத் தாண்டினான். கோட்டுக்குப் பத்தடி முன்னால் இன்னொருவனையும் தாண்டினான். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவனும் அழுதான். என் சட்டை முழுக்க அவன் வியர்வை.

கேலரியிலிருந்து ஸ்கோர் எழுதுகிறவர் எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோ எடுத்திருந்தார். நான் அதை வாங்கி ஸ்டேட்டஸில் வைத்தேன். 'ஜோகுபாளையத்துச் சிங்கம்' என்று மேலே எழுதினேன். கிளப் குரூப், லீக் குரூப், ஆபீஸ் குரூப், தெரு குரூப் என்று ஒன்றையும் விடவில்லை. லீக் குரூப்பில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவன் பேசவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. மெசேஜுக்கு இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. கிளப் குரூப்பிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினான். மற்றவர்கள் வற்புறுத்தித்தான் பாராட்டு விழாவுக்கே வந்தானாம். வந்து என்ன செய்தான் என்பதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நன்றி கெட்டவன் என்றேன். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறான் என்றேன். டீக்கடையில் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன், ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்கும் இடத்தில்கூடச் சொன்னேன். அரையிறுதியை அவனுக்காக விட்டேனே, அதைச் சொன்னேன். பச்சைத் துரோகம் என்று பத்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு ஆறவில்லை. அவன் வாயால் ஒரு பதில் வர வேண்டும் என்று ஒரு காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எங்களுக்குள் என்னதான் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அவன் ஒரு சுற்று முடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் பழக்கப்படி வலது காலை லேசாக இழுத்துக்கொண்டே போய் எதிரே நின்றேன்.

"இன்னாடா, பெரிய ஆளாயிட்ட. கேப்டன் பேரு வாயில வரமாட்டேங்குதா?"

அவன் நிமிரவில்லை. "முட்டி எப்டிண்ணா கீது?"

"அதுக்கின்னா இப்ப? எப்பவும் போலத்தான் கீது. வலிதான்."

அவன் பையிலிருந்து ஃபோனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு என்னிடம் நீட்டினான். நான் நூறு முறை பார்த்த வீடியோதான். ஆனால் நூறு முறையும் அவனைத்தான் பார்த்திருந்தேன். இப்போது அவன் விரல் காட்டிய இடத்தில், ட்ராக்குக்கு வெளியே, தொப்பை குலுங்க ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு காலும் ஒரே அளவு போய் வந்தன. எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை. "ரெண்டு! ரெண்டு!" என்ற என் குரல் தெளிவாகக் கேட்டது.

"நானும் மொதல்ல பாக்கலண்ணா" என்றான். "என் ஒய்ஃபுதான் கேட்டா, உங்கூடவே ஓடியாறாரே, யாரு அதுன்னு. அப்பதான் பாத்தேன்."

நான் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். "டேய், உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா."

"இன்னா தெரியும்?"

"கால் சரியாயிட்ச்சின்னு. எட்டு வருஷமா பக்கத்துலயே நிக்கிறியே..."

"எப்டிண்ணா தெரியும்? நீ நொண்டன. நான் நம்பனேன்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. லிஃப்டில் எந்த வயர் போயிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் விளக்குவதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான்.

"அந்தக் கீப்பரு அப்பவே சொன்னாரு, நடிக்கிறான்னு. அவரு சட்டையப் புடிச்சேன். அதான் மேடையில அவருக்குத் தேங்க்ஸ் சொன்னேன். சாரிதான் சொல்லணும், மைக்குல எப்டிச் சொல்றது? நீ கால ஒடச்சிக்கினியே, அதுக்கு அடுத்த வருஷம், நான் மொத வருஷம் ஆடனதப் பாத்துட்டு ஒரு பெரிய டிவிஷன் டீம்லருந்து என்னக் கூப்டாங்க. ஓப்பனிங் பேட்டிங்கு. போகல."

"எங்கிட்ட சொல்லவேயில்லியேடா!"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? 'போடா, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பி வெச்சிட்டு, அந்தக் கால இழுத்துக்கினே ஓடுவ. முட்டி பூராப் பூட்டுமேன்னுதான் சொல்லல."

உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாக நினைத்திருந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். பத்து நாளாக ஊரெல்லாம் துரோகம் துரோகம் என்று சொல்லித் திரிந்தேனே, அந்தச் சொல்லோடு என் பெயரைத்தான் சேர்த்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இவன் இனி என்னோடு பேச மாட்டானோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஏதாவது கொடுத்து அந்த எட்டு வருஷத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்று அப்போதும் புத்தி போனது.

"வர்ற ஞாயித்துக்கெழம வா. நீயே ஓப்பன் பண்ணு. கேப்டனாவும் நீயே இரு. நான் கிரவுண்டுலகூட நிக்க மாட்டேன், கெளம்பிடறேன். நீ ஆடுடா, போதும்."

அவன் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வாரம் கம்பெனிப் பசங்களோட நெட்டுல நின்னேண்ணா. பந்து ஸ்டம்புல பட்டப்புறந்தான் நான் பேட்டத் தூக்கறேன். நாலு தடவ அப்டியே. பசங்க சிரிச்சாங்க." லேஸில் இன்னொரு முடிச்சுப் போட்டான். "எனக்கு ஓடறது புடிக்கவே புடிக்காது, தெரியுமா? ஒரு நாளும் புடிச்சதில்ல. இப்ப அது ஒண்ணுதான் தெரியும்."

மேடம் விசில் ஊதினார். அவன் எழுந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனான்.